இளக்கிய வெள்ளை

துணியில் அச்சடிக்கிற மையில் வெள்ளையைப் போல அடம் பிடிக்கிறது வேறு எதுவும் கிடையாது. சிவப்பு சொன்னபடி கேட்கும். நீலமும் கறுப்பும் கரண்டியால் நாலு சுற்று சுற்றினால் வழிக்கு வந்துவிடும். வெள்ளை டப்பாவைத் திறந்தால் நட்ட கரண்டி நட்டபடி நிற்கும். கறுப்புத் துணியில் அது ஏற வேண்டுமானால் அள்ளி ஸ்கிரீன் சட்டத்து வலையில் போட்டு, ரப்பர் கட்டையைச் சாய்த்துப் பிடித்து, தோளிலிருந்து பலம் கொடுத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் நடுவிலேயே கோடு விழும். ஒரு தடவை இழுத்து, மேலே சூட்டு விளக்கைக் காட்டி, இன்னொரு தடவை இழுத்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இல்லாவிட்டால் சாம்பல்தான்.

அந்தச் சந்தில் வெள்ளை இழுக்கத் தெரிந்தவர் என்றால் மாஸ்டர் ஒருவர்தான். மற்றக் கடைக்காரர்களே கறுப்பு டீ-ஷர்ட் ஆர்டர் வந்தால் மூட்டையோடு அவரிடம் கொண்டுவந்து போடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர் இழுத்த இடத்தில் விரலை வைத்துத் தடவினால் மேடு பள்ளமே இருக்காது. அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு கர்வமும் உண்டு. யாராவது புகழ்ந்தால் காது கேட்காத மாதிரி குனிந்து வேலை செய்வார். ஆனால் கை கொஞ்சம் மெதுவாகும்.

முன்கூடம் கடை, பின்னால் சமையல் கட்டு, மாடியில் படுக்க இரண்டு அறை. கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து மூன்றே பேர்தான். மாஸ்டர் மை கலக்கி இழுப்பார். அவர் சம்சாரம் ஆர்டர் பேசுவாள், துணி எண்ணுவாள், மடித்துக் கட்டுவாள். நரம்பில்லாத நாக்கு அவளுக்கு. வாடிக்கையாளரும் சரி, வீட்டு ஆளும் சரி, தப்ப முடியாது. மூன்றாவது ஆள் மாஸ்டரின் தங்கை. முப்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கட்டிக்கொண்டு போன வேகத்தில் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தவள். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. அண்ணி கேட்டாள், அவள் சொல்லவில்லை.

பாப்பாவின் இடம் சூட்டு மெஷின். இந்த மை காற்றுக்குக் காயாது, வெயிலுக்கும் காயாது. இழுத்த துணியை மெஷினின் பெல்ட்டில் விரித்து, அது உள்ளே மெதுவாக ஊர்ந்து மறு வாயில் வந்து விழுந்தால்தான் மை துணியைக் கெட்டியாகப் பிடிக்கும். சூடு பற்றவில்லை என்றால் மேலுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். துவைத்தால் உரிந்துவிடும். சூடு கூடினால் துணி பழுப்பேறிவிடும். மழை நாளில் ஒரு வேகம், புழுக்க நாளில் ஒரு வேகம் என்று பெல்ட்டின் குமிழைத் திருகி வைத்துக்கொண்டு பாப்பா நாள் முழுக்க அந்த அனலில் நிற்பாள். அவள் கையில் அதுவரை ஒரு துணி வீணானதில்லை.

மாஸ்டருக்குத் தோள்வலி எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முதலில் சட்டை மாட்டும்போது வலது கை மேலே போக மறுத்தது. பிறகு தலை வார இடது கைக்கு மாறினார். சம்சாரம் கேட்டதற்கு, ஒருக்களித்துப் படுத்ததில் பிடித்துக்கொண்டது என்று மழுப்பினார். வலிக்கிறது என்று கட்டினவளிடம் சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன வெட்கம் என்று கேட்கலாம். வெட்கம் இல்லை, பயம். இழுக்கிற கை போய்விட்டது என்று தெரிந்தால் கறுப்புத் துணி எல்லாம் வேறு வாசலுக்குப் போய்விடும். டாக்டரிடம் போனால் அவர் முதலில் சொல்லப்போவது ஓய்வெடு என்றுதான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவா போக வேண்டும் என்று இருந்துவிட்டார்.

மையை இளக்க ஒரு திரவம் உண்டு. கடையில் அதற்கு ஏதோ பெரிய பெயர். இவர்கள் வீட்டில் எண்ணெய் என்பார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு கரண்டி விடலாம், மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்கு மேல் போனால் மை தண்ணீராய் ஓடும், இழுக்க ஒரு கஷ்டமும் இருக்காது, ஆனால் எத்தனை சூடு காட்டினாலும் இறுகாது. இந்தத் தொழிலுக்கு வருகிற எவனும் முதல் நாளே தெரிந்துகொள்கிற விஷயம் அது. மாஸ்டருக்குத் தெரியாதா என்ன?

பந்தாட்டக் கிளப் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. கறுப்பு டீ-ஷர்ட், முதுகு நிறைய வெள்ளை நம்பர். காலையில் மாஸ்டர் ஒழுங்காகத்தான் கலக்கினார். பாப்பாவும் முதலில் வந்த சட்டைகளில் ஒன்றை எடுத்து, நம்பரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். மை துணியோடு நீண்டு துணியோடு சுருங்கியது, விரிசல் இல்லை. சரி என்று தலையாட்டினாள். மதியச் சோற்றுக்குப் பிறகு மாஸ்டரின் தோள் தனியாக ஓர் உயிர் வந்த மாதிரி துடித்தது. அடுத்த டப்பாவை அவர் பலகைத் தடுப்புக்குப் பின்னால், மை வைத்திருக்கிற மூலையில் வைத்துத் திறந்தார். இரண்டு கரண்டி விட்டார். கலக்கும்போதே கை வலித்தது. இன்னும் இரண்டு விட்டார். அதன் பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புட்டியையே சாய்த்தார்.

அப்பாடா என்று இருந்தது. கட்டை தானாக ஓடியது. வெளுப்பு போதவில்லை என்று இரண்டுக்கு மூன்றாக இழுத்தும் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. சம்சாரம்கூட, இன்றைக்கு என்ன கை பறக்கிறது என்று கேலி பண்ணினாள். துணி மளமளவென்று வந்து மெஷின் வாயில் குவிந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் காயாத மை ஒட்டிக்கொள்ளும் என்று பாப்பா குமிழைக் கொஞ்சம் திருகி பெல்ட்டை வேகப்படுத்தினாள். கொஞ்சம்தான்.

கிளப்புக்குச் செயலாளர், முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். அவர் பெரிய பையோடு வந்து, அதைத் தலைகீழாக மேஜையில் கொட்டினார். கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எட்டாம் நம்பர் பையன் ஒரே துவைப்புல மூணாம் நம்பர் ஆயிட்டான்," என்றார். "ரெஃப்ரி மூணாம் நம்பர கூப்பிட்டுக் கண்டிக்கிறாரு. நெசமான மூணாம் நம்பரு, நான் பாட்டுக்கு செவனேன்னு கோல் பக்கம் நிக்கறேன், என்ன எதுக்குத் திட்டறீங்கன்னு சண்டைக்கு வர்றான். நான் யாருக்கு சமாதானம் சொல்ல?"

மாஸ்டர் ஒரு சட்டையை எடுத்து நம்பரில் நகத்தை வைத்தார். தோல் மாதிரி உரிந்து வந்தது. அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சம்சாரம் திரும்பி, அன்றைக்குப் பெல்ட்டைக் கூட்டினாயா என்று பாப்பாவைக் கேட்டாள். பாப்பா மறைக்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன் அண்ணி, துணி குவிந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் மறுபடி புதுத் துணியில் போட்டுத் தருவதாகச் சொல்லி முடிவெட்டுகிறவரை அனுப்பிவிட்டு, அண்ணி கதவைச் சாத்தினாள்.

"நீ கை வச்ச எதுதான் நெலச்சிருக்கு?" என்றாள்.

அது மெஷினைப் பற்றி மட்டும் சொன்னதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். பாப்பா தரையில் சிதறிக் கிடந்த வெள்ளைச் செதில்களைக் குனிந்து பொறுக்கினாள். மாஸ்டர் அப்போது வாயைத் திறந்தார். திறந்து என்ன சொன்னார் என்றால், "விடு. நடந்தது நடந்துபோச்சு. அவள ஒண்ணும் சொல்லாத."

இதைவிட அவர் தங்கையைத் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகும் தனக்கு ஒரு சாக்கு இருக்கலாம் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஒருவேளை பெல்ட் வேகம்தான் காரணமோ? இரண்டு பெண்களும் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், ஒழுங்கான மையில் ஒரு சட்டை இழுத்து, பாப்பா அன்று திருகி வைத்த அதே வேகத்தில் விட்டார். அப்புறம் புட்டியைச் சாய்த்துக் கலக்கிய மையில் இன்னொன்று இழுத்து, பெல்ட்டை ஆமை வேகத்தில் விட்டார். இரண்டையும் பின்கட்டு வாளியில் சோப்புப் போட்டுக் கசக்கினார். முதல் சட்டையில் நம்பர் கல்லு மாதிரி இருந்தது. இரண்டாவதில் நம்பர் தண்ணீரோடு வந்துவிட்டது. அவர் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு சட்டையையும் சுருட்டி, குப்பைக்காரர் வருகிற நேரம் பார்த்துத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் எண்ணெய்ப் புட்டியைத் தொடவில்லை. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். அதையே ஒரு தண்டனை மாதிரி வைத்துக்கொண்டார். தண்டனையை ரகசியமாக அனுபவித்தால் யாருக்கு என்ன லாபம்?

பாப்பா வேறு ஆளாகிவிட்டாள். முன்பெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று எதையாவது முணுமுணுத்துப் பாடுவாள். அது நின்றது. ஒவ்வொரு துணிக்கட்டிலிருந்தும் ஒரு சட்டையை உருவிக் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து துவைத்துக் காயப்போட்டாள். மெஷினிலிருந்து வந்த துணியை அனல் ஆறுவதற்குள் விரலால் அழுத்திப் பார்த்து நுனியெல்லாம் கொப்புளம். மாஸ்டர் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் அவள் சொன்னது வாசலில் நின்ற மாஸ்டர் காதிலும் விழுந்தது. எங்க அண்ணன் மாதிரி யாருக்கும் அமையாது, அத்தனை துணி பாழாக்கினேன், இன்றுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உள்ளே வந்து, தேவையே இல்லாமல் ஒரு டப்பாவைத் திறந்து கலக்க ஆரம்பித்தார். சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்தார். சாப்பிட்டபின் சொல்லலாம், சம்சாரம் தூங்கினபின் சொல்லலாம், காலையில் சொல்லலாம். நாள் தள்ளத் தள்ளச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது. செய்தது ஒன்று, சொல்லாமல் இருந்தது ஒன்று.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மேடம் வந்தார். பெரிய கம்பெனியில் அச்சுப் பிரிவுக்கு மேற்பார்வை அவர். வேலை நெருக்கடி சமயத்தில் இவர்களிடம் துணி கொடுத்து வாங்குவார். பாப்பாவின் கையைப் பல தடவை பார்த்திருக்கிறார். முடித்து வருகிற துணியைச் சோதித்து அனுப்புகிற வேலைக்கு ஆள் வேண்டும், கம்பெனியிலேயே தனி அறை தருவார்கள், நீ வருகிறாயா என்று நேரடியாகப் பாப்பாவைக் கேட்டார். அண்ணி டீ போடப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். மாஸ்டர் பலகைத் தடுப்புக்குப் பின்னால், கையில் கரண்டியோடு நின்றார்.

தனி அறை. தன் சம்பளம், தன் பூட்டு, தன் சாவி. பாப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் ஒரு சின்னச் சிரிப்பு.

"எனக்கு அந்தத் தகுதி இல்லங்க மேடம்," என்றாள். "ஒரு ஆர்டரையே பாழாக்குனவ நான். எங்கண்ணனா இருக்கப்போய் வச்சிருக்காரு. வேற எடமா இருந்தா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பாங்க. நாளைக்கு உங்க கம்பெனித் துணிய நான் சரின்னு சொல்லி அனுப்பி, அது திரும்பி வந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

ஒரு தடவை தவறாதவர் யார், நன்றாக யோசி என்றார் மேடம். உன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"அண்ணே," என்று பாப்பா தடுப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டு எட்டு வைத்தால் வெளியே வந்துவிடலாம். ஒரே வாக்கியம்.

"உன் இஷ்டம் பாப்பா," என்றார் மாஸ்டர்.

மேடம் டீயைக் குடித்துவிட்டுப் போனார். பாப்பா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். மாஸ்டர் சாப்பிட்டார். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

மழைக்காலம் வந்து போனது. முடிவெட்டும் கடைக்காரர் நல்ல மனிதர், மறுபடியும் வந்தார். கிளப்பில் புதுப் பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள், அதே கறுப்பு, அதே வெள்ளை, ஆனால் இந்தத் தடவை எட்டு எட்டாகவே இருக்கட்டும் என்று சிரித்துவிட்டுப் போனார். அண்ணியும் சிரித்தாள். மறுநாள் காலை மாஸ்டர் ஸ்கிரீனைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பாப்பா மெஷின் பக்கம் வராமல் நடையிலேயே நின்றாள். கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, இந்த ஆர்டருக்கு மட்டும் நீங்க மெஷின்ல நில்லுங்க. நான் சமையல் பாக்கறேன். என் கை ராசியில்ல."

அவள் அழவில்லை, சிணுங்கவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தன் கை ராசியில்லை என்பதை அவள் நம்பியே விட்டாள் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கட்டையை ஸ்கிரீனிலேயே போட்டுவிட்டார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல பாப்பா. நான் எண்ணெய ஊத்திட்டேன்."

என்ன எண்ணெய் என்றாள் அண்ணி. மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். தோளைச் சொன்னார், புட்டியைச் சாய்த்ததைச் சொன்னார், ஆளில்லாத நேரத்தில் இரண்டு சட்டை துவைத்துப் பார்த்ததைச் சொன்னார். அன்றைக்கு நீ வைத்த வேகத்தில் ஒரு குற்றமும் இல்லை, எனக்கு அப்போதே தெரியும் என்றார். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை.

அண்ணி துணி மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். வலி என்று என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்திவிட்டாள். தான் பாப்பாவைச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பாப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எண்ணெய் ஊத்துனது வலிக்கு. அது எனக்குப் புரியுதுண்ணே. மேடம் வந்தன்னிக்கு உள்ளருந்து 'உன் இஷ்டம்'னு சொன்னீங்களே, அது எதுக்கு?"

மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன் என்றோ, வாய் வரவில்லை என்றோ சொல்லியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள். அதில் பாதி உண்மையும் இருந்தது.

"நீ போயிட்டா சூட்டு மெஷினுக்கு ஆள் இல்ல," என்றார். "இழுக்கற கையும் போயி, அந்த எடமும் காலியானா நான் என்ன பண்ணுவேன்னு இருந்துச்சு. நீ போகாம இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

பாப்பா தலையை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி. பிறகு அண்ணியின் போனைக் கேட்டு வாங்கி, அந்த மேடத்தின் நம்பரைத் தேடி எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"நான் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு நீங்க சொல்லுங்க. எங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவர் சொன்னார். சத்தமாகவே சொன்னார். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல். நடுவில் மேடம் இரண்டு தடவை, என்ன, என்ன என்று கேட்டதால் புட்டியைச் சாய்த்த கதையைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்த இடத்துக்கு அப்போதே வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள், நன்றாகத்தான் வேலை செய்கிறாள், அவளை எப்படி அனுப்புவது என்றார். வேறு இடம் வந்தால் கட்டாயம் பாப்பாவைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடுவாரா, மாட்டாரா என்பது குரலில் தெரியவில்லை.

பாப்பா போனை வாங்கி அண்ணியிடம் கொடுத்தாள். திட்டுவாள் என்று மாஸ்டர் காத்திருந்தார். ஒரு அறை விட்டால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய், வெள்ளை டப்பாவைத் திறந்து, ஒரே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கலக்கினாள். மை இளக வெகு நேரம் பிடித்தது. கொண்டுவந்து ஸ்கிரீனில் போட்டாள்.

"இனிமே நான் இழுக்கறேன். நீங்க மெஷின்ல நில்லுங்க. சாயங்காலம் அண்ணி உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க."

முதல் சட்டையில் பாதியில் கோடு விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. அண்ணி எழுந்து வந்து, கேட்காமலேயே, ஸ்கிரீன் அசையாமல் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். அடுத்ததில் எட்டு முழுசாக வந்தது. மாஸ்டர் அதை பெல்ட்டில் விரித்தார். அந்த அனல் இத்தனை நாளாக முகத்தில் எப்படி அடித்திருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மறு வாயில் சட்டை வந்து விழுந்ததும் எடுத்து, இடது கையால் இழுத்துப் பார்த்தார். மை நீண்டது, சுருங்கியது, கீறல் இல்லை.

"நல்லாருக்கு பாப்பா," என்றார்.

அவள் அடுத்த துணியைப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தொவச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள்.

மாஸ்டர் சட்டையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பைப் போட்டு, வலது கை வராததால் ஒற்றைக் கையால் கசக்கத் தொடங்கினார்.